அந்தக் காலத்து நித்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவோம். போன முறை என் பங்குக்கு, பழைய காலத்தில் மனிதர்கள் எப்படி நித்திரை கொண்டார்கள், நித்திரை வராவிட்டால் என்ன செய்தார்கள் என்று பேசினேன். பேச்சு முடிந்து தேத்தண்ணி வந்தபோது தொடங்கிய கேள்விகள் இன்னும் தொலைபேசியில் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

அந்தக் காலத்து ஆட்கள் படுத்தால் விடியும்வரை அசையவே மாட்டார்களாமே?

எல்லாரும் இதை நம்புகிறார்கள். அந்தக் காலத்து ஆட்கள் விட்டுப்போன எழுத்து வேறு மாதிரிச் சொல்கிறது.

ரொஜர் எக்கேர்ச் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் பழைய ஐரோப்பாவின் இரவுகளைப் பற்றி ஆராயப் போனார். நீதிமன்றச் சாட்சியங்கள், நாட்குறிப்புகள், வைத்திய நூல்கள் என்று புரட்டும்போது ‘முதல் நித்திரை’, ‘இரண்டாம் நித்திரை’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. சாட்சி சொல்பவர், “நான் முதல் நித்திரை முடிந்து எழும்பியிருந்தேன்” என்று போகிற போக்கில் சொல்கிறார். நீதிபதியும் அதென்ன முதல் நித்திரை என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யார் விளக்கப் போகிறார்கள்? எக்கேர்ச் இதை 2001இல் கட்டுரையாக வெளியிட்டார்.

அவர் காட்டும் வழக்கம் இதுதான். இருட்டி சில மணி நேரத்தில் படுக்கை. நடுச்சாமத்தை ஒட்டி ஒரு விழிப்பு, ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ. அந்த நேரத்தில் செபம் பண்ணினார்கள், அடுப்பில் தணலைப் பார்த்தார்கள், கண்ட கனவைப் பேசினார்கள், சிலர் பக்கத்து வீட்டு விறகைத் திருடப் போனார்கள். பிறகு விடியும்வரை இரண்டாம் நித்திரை. தெருவிளக்கும் வீட்டு விளக்கும் பெருகி, படுக்கப் போகும் நேரம் பின்னுக்குப் போகப் போக இந்த இடைவெளி சுருங்கியது. 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது அந்தச் சொற்களே மறந்துபோயின.

இதற்கு ஒத்தாசையாக ஒரு பரிசோதனையும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தோமஸ் வெர் என்ற அமெரிக்க மனநல ஆய்வாளர் சிலரை நாளுக்கு 14 மணி நேரம் இருட்டில் வைத்திருந்தார். சில வாரங்களில் அவர்களின் நித்திரை தானாகவே இரண்டாகப் பிரிந்தது.

அது குளிர்நாட்டுக் கதை. எங்களுக்கு எப்படி?

நல்ல கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான்.

1660இல் திருகோணமலைப் பக்கம், மூதூரை ஒட்டிய கொட்டியாரத்தில் ஒரு ஆங்கிலக் கப்பல் ஒதுங்கியது. கரையில் பிடிபட்டவர்களில் ரொபர்ட் நொக்ஸ் என்ற இளைஞரும் ஒருவர். கண்டி அரசனின் நாட்டில் 19 வருடங்களுக்கு மேல் கைதியாகக் கிடந்து, 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் தன் அனுபவத்தை அச்சிட்டார். அதில் இந்த ஊர் ஆட்கள் படுக்கும் விதத்தையும் எழுதியிருக்கிறார். வீட்டுத் தலைவனுக்குக் கட்டில். பெண்களும் பிள்ளைகளும் நெருப்பு ஓரமாகப் பாயில். அப்புறம் அவர் சொல்வது: இவர்கள் பெரிய நித்திரைக்காரர்கள் அல்லர். இரவில் பலமுறை எழும்பி வெற்றிலை போடுவார்கள், புகையிலை பிடிப்பார்கள், பிறகு படுத்துக்கொண்டு மறுபடி நித்திரை வரும்வரை பாடுவார்கள்.

இதை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு கொழும்புக்கு வந்தவர். பல் போனபின் சின்ன இரும்பு உரல் ஒன்றில்தான் வெற்றிலை பாக்கை இடிப்பார். இரவு ஒன்றரை இரண்டு மணிக்குக் கூடத்திலிருந்து ‘டொக்கு டொக்கு’ என்று சத்தம் வரும். விளக்குப் போட மாட்டார். இருட்டிலேயே பாக்கை எடுத்து, சுண்ணாம்பைச் சுண்டுவிரலில் தொட்டு, இடித்து, வாயில் ஒதுக்கிக்கொண்டு, மெல்லிய குரலில் தேவாரம் முணுமுணுப்பார். கொஞ்சம் கழித்துச் சத்தம் நின்றுவிடும். காலையில் “நித்திரை வரவில்லையா அம்மம்மா?” என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே விளங்காது. “நான் நல்லாத்தானே படுத்தனான்” என்பார். அவர் கணக்கில் அது நித்திரைக் குறைபாடு இல்லை. அதுவும் இரவில் ஒரு வேலை.

எங்கள் மொழியிலும் அடையாளம் இருக்கிறது. “ஒரு நித்திரை முடித்து எழும்பிப் பார்த்தால்…” என்று இன்றும் சொல்கிறோம். ஒன்று என்று எண்ணினால் அடுத்தது ஒன்று இருக்க வேண்டுமே. இரவை ஒரே கட்டாகப் பார்க்காமல் சாமம் சாமமாகப் பிரித்தவர்கள் நாங்கள்: ஒரு சாமம் ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம். சிவராத்திரிக்கு நான்கு சாமப் பூசை அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. முஸ்லிம் நண்பர்களைக் கேட்டால், இரவில் ஒரு நித்திரை கொண்டு எழும்பித் தொழும் தஹஜ்ஜுத் தொழுகையைச் சொல்வார்கள்.

ஆனால் அவசரப்பட்டு, உலகம் முழுக்க இரண்டு நித்திரைதான் என்று முடிவு கட்ட வேண்டாம். 2015இல் ஜெரோம் சீகல் குழுவினர் தன்சானியா, நமீபியா, பொலிவியா ஆகிய நாடுகளில் மின்சாரம் இல்லாமல் வாழும் மூன்று சமூகங்களை அளந்து பார்த்தார்கள். இருட்டி 3 மணி நேரத்துக்குப் பிறகுதான் படுக்கிறார்கள். நித்திரை ஏறக்குறைய 6 அல்லது 7 மணி நேரம். இடையில் நிரந்தரமான பெரிய இடைவெளி இல்லை. லண்டனில் மார்கழி இரவு 16 மணி நேரம் நீளும். கொழும்பில் வருடம் முழுக்க இரவு 12 மணி நேரத்தைச் சுற்றியே நிற்கும். 16 மணி நேர இருட்டை ஒரே நித்திரையால் நிரப்ப முடியாது. நொக்ஸ் கண்டதும் ஒழுங்கான ‘இரண்டு’ இல்லை, பலமுறை எழும்பிப் படுப்பதுதான்.

அப்படியென்றால் இரவில் விழிப்பது நோய் இல்லையா?

விழிப்பது மட்டும் நோய் இல்லை. ஆனால் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறது, மாதக்கணக்கில் மனம் சரியில்லை என்றால் வைத்தியரிடம் போங்கள். நான் பழைய புத்தகம் புரட்டுகிறவன், அவ்வளவுதான்.

எதில் படுத்தார்கள்?

எங்கள் பக்கம் பாய்தான் அரசன். பனையோலைப் பாய், பன்புல் பாய், கைக்குழந்தைக்குத் தடுக்கு, கொஞ்சம் வளர்ந்தால் சேலையில் கட்டிய ஏணை. காலையில் சுருட்டிச் சுவரோரம் வைத்தால் படுக்கையறை வரவேற்பறை ஆகிவிடும். வெள்ளவத்தையில் இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது இதன் அருமை தெரியும். தலைக்கு இலவம் பஞ்சுத் தலையணை. மருதோன்றிப் பூவைத் தலையணைக்குள் வைத்தால் நித்திரை வரும் என்பது பழைய சித்த வைத்தியக் குறிப்பு. வாசனை நன்றாகத்தான் இருக்கும்.

ஐரோப்பாவில் ஏழைக்கு வைக்கோல், வசதியானவருக்கு இறகு மெத்தை. சட்டத்தில் கயிறு பின்னிய கட்டில்கள் பல. கயிறு தொய்ந்தால் முறுக்கி இறுக்க வேண்டும். ஒரே கட்டிலில் குடும்பம் முழுவதும், சத்திரங்களில் முன்பின் தெரியாதவரும் சேர்ந்து படுப்பது சாதாரணம். லண்டன் விக்ரோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் 1590 அளவில் செய்த ஒரு பெரிய கட்டில் இருக்கிறது. அகலம் 3 மீற்றருக்கு மேல். வெயார் என்ற ஊரின் சத்திரத்தில் ஆட்களை இழுக்கச் செய்தது.

ஒல்லாந்தர் தங்கள் நாட்டில் சுவருக்குள் அலுமாரி மாதிரிக் கட்டிலைப் பொருத்திக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். குளிருக்கு அது சரி. கொழும்பு வெக்கையில் அலுமாரிக்குள் படுத்தால் ஆள் அவிந்துவிடுவார். புறக்கோட்டையில் ஒல்லாந்தர் கால அருங்காட்சியகம் இருக்கிறது, 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே உள்ள தளபாடங்களைப் போய்ப் பாருங்கள். இதில் ஒரு சின்ன விஷயம்: நாங்கள் சொல்லும் ‘கதிரை’யும் ‘அலுமாரி’யும் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. ‘பாய்’ எங்களுடையது.

வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாதா?

எங்கள் வீட்டில் வாடகைக்கு வந்த ஒருவர் இதற்காகக் கட்டிலைத் திருப்பி, கதவைத் திறக்க முடியாமல் மூன்று மாதம் பக்கவாட்டில் நுழைந்துகொண்டிருந்தார்.

வழக்கம் மிகப் பழையது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றான ஆசாரக்கோவை, படுக்கும்போது கைகூப்பித் தெய்வத்தைத் தொழு, வடக்கிலும் மூலைத் திசைகளிலும் தலை வைக்காதே, மேலே போர்வை போர்த்திக்கொள் என்கிறது. காரணம் எதுவும் சொல்லவில்லை. காந்தப்புலம், இரத்தத்தில் உள்ள இரும்பு என்று இன்று சுற்றும் விளக்கம் பிற்காலத்து ஒட்டு. இரத்தத்தில் உள்ள இரும்பு ஊசி மாதிரி காந்தத்துக்கு இழுபடும் இரும்பு இல்லை. மனம் ஒப்பாவிட்டால் தெற்கே வையுங்கள், யாருக்கும் நட்டமில்லை. கதவு திறக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கமா, வலப்பக்கமா?

சித்த வைத்தியம் இடப்பக்கம் என்கிறது: இடது கீழே போனால் வலது நாசியில் மூச்சு ஓடும், அதற்குப் பெயர் சூரியகலை, சீரணத்துக்கு நல்லது என்று. பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் முதலில் வலப்பக்கம் படுத்து உணவை இறக்கிவிட்டு, பிறகு இடப்பக்கம் திரும்பு என்றார்கள். இஸ்லாமிய மரபில் வலப்பக்கம். மூன்று பேரும் நன்றாகத்தான் நித்திரை கொண்டிருப்பார்கள்.

நுளம்புக்கு என்ன செய்தார்கள்?

புகை. வேப்பிலை, நொச்சி இலை, மாலையில் சாம்பிராணி. கண்டிக் குடிசைகளில் இரவு முழுவதும் எரிந்த நெருப்பும் குளிருக்காக மட்டும் இருந்திருக்காது என்பது என் எண்ணம். வலையும் புதிதல்ல. கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான ஹெரொடோட்டஸ், எகிப்தின் சதுப்பு நிலத்து ஆட்கள் பகலில் மீன் பிடித்த வலையை இரவில் படுக்கையைச் சுற்றிக் கட்டுகிறார்கள் என்று எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியர் நெடுங்காலம் நுளம்பை வெறும் தொல்லையாகத்தான் நினைத்தார்கள். காய்ச்சலைக் கொண்டுவருவது கெட்ட காற்று என்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லின் பொருளே அதுதான். இரவுக் காற்றுக்குப் பயந்து சன்னலைச் சாத்தினார்கள். மலேரியாக் கிருமி நுளம்பின் உடலில் வளர்வதை 1897இல் செகந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் கண்டுபிடித்த பிறகுதான் வலையின் உண்மையான வேலை விளங்கத் தொடங்கியது. இலங்கைக்கு அது பொழுதுபோக்குப் பாடம் இல்லை. 1934–35 மலேரியாவில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்து 1963இல் நோயாளிகள் 17 பேர் என்று குறைத்து, கை தளர்ந்து, மீண்டும் பெருகவிட்டு, கடைசியில் 2016இல்தான் மலேரியா அற்ற நாடு என்ற பெயர் கிடைத்தது.

இப்போது கொழும்பில் பயம் டெங்கு. அந்த நுளம்பு பகலில் கடிப்பது. ஆகவே மத்தியானம் சாய்பவர்கள்தான் முதலில் வலை கட்ட வேண்டும்.

கசகசாப் பால் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லையே?

நீங்கள் எதைக் குடித்தீர்கள் என்று முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டு நூல்களில் நித்திரைக்குச் சொல்லும் கசகசா, அபினிச் செடியின் விதை. மணல் மாதிரி வெள்ளையாக இருக்கும். அரைத்துப் பாலில் காய்ச்சுவார்கள். கொழும்பில் கடையில் ‘கசகசா’ என்று கேட்டால், பலூடாவில் மிதக்குமே, தண்ணீரில் போட்டால் வழவழவென்று ஊதும் கறுப்பு விதை, அதைத் தருவார்கள். அது ஒரு வகைத் துளசி விதை, திருநீற்றுப்பச்சையின் இனம். எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா அதை இரண்டு கிழமை பாலில் போட்டுக் குடித்திருக்கிறார். வயிறு குளிர்ந்தது என்றார், அவ்வளவுதான்.

சரியான கசகசாவிலும் விதைக்குள் போதை மிகக் குறைவு. அபின் பால் வடிவது காயிலிருந்துதான். சூடான பால் என்றால் ஆயுர்வேதத்தில் சரகர் எருமைப்பாலைச் சொல்கிறார். சாதிக்காய் ஒரு சிட்டிகை உரசிப் பாலில் போடுவது கண்டிப் பக்கத்திலும் உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. சிட்டிகையோடு நிறுத்துங்கள். கரண்டிக் கணக்கில் போனால் வாந்தி, படபடப்பு, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும்.

எனக்குக் கேட்டால், எங்கள் மரபில் உண்மையாக வேலை செய்த மருந்து வாய்க்குள் போனது இல்லை. எண்ணெய் வைத்து முழுகுவது. உச்சியிலும் உள்ளங்காலிலும் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் முழுகினால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. முழுகிய அன்று பகலில் படுக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருப்பதே அதற்கு அத்தாட்சி. வராத நித்திரைக்கு யார் தடை போடுவார்கள்? புறக்கோட்டை கெபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில் முழுக்குக்கான சாமான் எல்லாம் கிடைக்கும்.

வெள்ளைக்காரர்களின் வைத்தியம் எப்படி?

பாதி எங்களுடையது மாதிரித்தான். சூடான பாலில் வைன் அல்லது பியர் ஊற்றித் திரையவிட்டுக் குடித்தார்கள். சலாது இலை தின்றார்கள். படுக்கைக்குள் தணல் போட்ட மூடிச்சட்டியை நகர்த்திச் சூடாக்கினார்கள். மற்றப் பாதிக்கு வயிறு திடமாக இருக்க வேண்டும். 1621இல் ரொபர்ட் பேர்ட்டன் என்ற ஒக்ஸ்போர்ட் பாதிரியார் மனச்சோர்வைப் பற்றி எழுதிய பெருநூலில் பழைய ஆட்களின் முறைகளைத் திரட்டியிருக்கிறார். காதுக்குப் பின்னால் அட்டை விடுவது. உள்ளங்காலில் ஒரு வகைக் காட்டெலியின் கொழுப்பைப் பூசுவது. பல்லில் நாயின் காதுக் குறும்பியைத் தேய்ப்பது. கடைசி வைத்தியத்துக்கு நாயும் சம்மதிக்க வேண்டும்.

உண்மையாகவே ஆளைக் கிடத்தியது அபின். அதை மதுவில் கரைத்த லோடனத்தை 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் சிடனம் என்ற வைத்தியர் பரவலாக்கினார். 19ஆம் நூற்றாண்டில் அது மூலைக்கடைச் சரக்கு. நித்திரை வரும், விடாது, அளவு தப்பினால் எழும்பவே தேவையில்லை.

குழந்தைக்கும் கொடுத்தார்களாமே?

கொடுத்தார்கள். இதில் கிழக்கு மேற்கு வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 1849இலிருந்து விற்ற ‘மிசிஸ் வின்ஸ்லோ’ பாணிமருந்தில் மோர்பினும் மதுவும் இருந்தன. பல் முளைக்கும் பிள்ளை அழுதால் ஒரு கரண்டி. 1906இல் போதைச் சரக்கு இருந்தால் போத்தலில் எழுத வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் வந்த பிறகுதான் பல தாய்மாருக்கு விஷயம் தெரிந்தது. பம்பாய் ஆலைகளில் வேலைக்குப் போன தாய்மார் ‘பாலகோலி’ என்ற அபின் உருண்டை கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 12 மணி நேரம் ஆலையில் நின்றவளுக்கு வேறு யார் பிள்ளை பார்த்தார்கள்?

எங்கள் வீடுகளில் வசம்பு. இரவில் பெயர் சொல்லக் கூடாது என்று ‘பேர் சொல்லாதது’ என்பார்கள். சுட்டுக் கரியாக்கி உரசி நாக்கில் தடவுவது வழக்கம். இப்போது குழந்தை வைத்தியர்கள் வேண்டாம் என்கிறார்கள்; வாந்தி எடுத்து மயங்கிய பிள்ளைகள் உண்டு. கையில் கட்டும் வசம்பு வளையலையும் பிள்ளை சப்பாமல் பாருங்கள். ஏணையும் தாலாட்டும் போதும்.

நித்திரைக் குளிகை எப்போது வந்தது?

1850களில் புரோமைட்டு உப்புகள். 1869இல் பேர்லினில் ஒஸ்கார் லீப்றைக் என்பவர் குளோரல் ஹைட்ரேட்டை நித்திரை மருந்தாக்கினார். 1903இல் எமில் பிஷரும் வொன் மேரிங்கும் வெரொனல் என்ற நித்திரை மருந்தைக் கொண்டுவர, அந்தப் பார்பிட்டியூரேட் வகை மருந்துகளின் காலம் தொடங்கியது. அளவுக்கும் ஆபத்துக்கும் இடைவெளி குறைவு, இறந்தவர்கள் ஏராளம். 1960களில் வேலியம் வகை வந்து அவற்றை ஓரங்கட்டியது. அதையும் வைத்தியர் துண்டு இல்லாமல் வாங்கப் பார்க்காதீர்கள்.

பகல் நித்திரை?

சித்தர் தேரையரின் வைத்தியப் பாடல் ‘பகல்துயிலோம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. ஆயுர்வேதம் கோடைகாலத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறது. கொழும்பில் எப்போதும் கோடைதானே என்று என் மாமா சாய்மனைக் கதிரையில் வாதாடுவார்.

கொழும்பில் இரவு எப்போது மாறியது?

தேங்காய் எண்ணெய் விளக்குக்கும் எண்ணெய் காசு. ஆகவே வெளிச்சம் சிக்கனம், படுக்கை நேரத்தோடு. 1870களில் எரிவாயு விளக்குகள் வந்தன. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஐந்துலாம்புச் சந்தி என்ற பெயரில் பழைய விளக்குத் தூணின் நினைவு இன்னும் நிற்கிறது. 1895இல் கோட்டையில் ஒரு ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறையில் மின்விளக்கு எரிந்தது. கவனியுங்கள், முதல் மின்சாரம் விளையாட்டு அறைக்கு. படிப்பதற்கோ பிரசவத்துக்கோ இல்லை. ஆட்கள் படுக்காமல் இருக்கத்தான்.

உலகத்திலேயே பெரிய நித்திரைக்காரர் இலங்கைக்காரர்தானே?

கும்பகர்ணனைச் சொல்கிறீர்கள். ஆமாம், ஆறு மாதம். ஆனால் அவர் வரம் கேட்கும்போது நாக்குப் புரண்டு கிடைத்த நித்திரை அது என்று கதை சொல்கிறது. விரும்பிக் கேட்டதல்ல.

சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குக் கசகசா அனுப்பலாமா?

அபினி விதையா? வேண்டாம். சிங்கப்பூரிலும் டுபாயிலும் அது தடை. பையில் ஒரு பொட்டலம் இருந்தாலே விமான நிலையத்தில் சிக்கல். பலூடாக் கசகசா வேறு விதைதான், ஆனால் பொட்டலத்தில் ‘கசகசா’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதைச் சுங்க அதிகாரிக்கு விளக்க ஒரு இரவு போய்விடும். நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றை அனுப்புங்கள். மூடியை இறுக்கி, இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி.